திரும்ப வாங்காத அழுகை

காக்கை வந்து தலையில் அடித்தால் சாவு வரும் என்பது செங்கரைப்பட்டியில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதற்கு மாற்று என்ன என்பதும் தெரியும். எமன் வருமுன்னே நாமே கேதம் சொல்லிவிட வேண்டும். வெளியூரில் இருக்கிற நெருங்கிய உறவுக்கு ஆள் விட்டு, இன்னார் போய்விட்டார் என்று சொன்னால் போதும். அவர்கள் மாரடித்துக்கொண்டு ஓடி வந்து தெருவில் விழுந்து புரண்டு அழுவார்கள். அந்த மெய்யான அழுகையோடு வரவிருந்த சாவு கழிந்துபோகும். அதற்குப் பிறகு, செத்ததாகச் சொல்லப்பட்டவர் வாசலுக்கு வருவார். அழுதவரே அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவர் பதில் குரல் கொடுக்க வேண்டும், அழுதவர் கையாலேயே ஒரு வாய் சோறு ஊட்டிவிட வேண்டும். அழுகையைத் திரும்ப வாங்குவது என்று அதற்குப் பெயர். ஏமாந்து வந்தவர்கள் நாலு ஏச்சு ஏசிவிட்டு, கோழிக்குழம்பு தின்றுவிட்டு ஊர் திரும்புவார்கள்.

வாங்காமல் விட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை யாரும் வாங்காமல் விட்டதில்லை.

மழை பொய்த்த அறுபத்தாறாம் வருஷத்தில், வறண்ட கண்மாய்க்குள் கருவேலங்கட்டை வெட்டிக்கொண்டிருந்த பெத்தன் தலையில் காக்கை அடித்தது. ஒரு தடவை அடித்துவிட்டுப் பறந்து போய், திரும்பி வந்து மறுபடியும் அடித்தது. அவன் சிரித்தான். பக்கத்தில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி காளியாயிக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு ஓடி மாமியாரிடம் சொன்னாள். சோணையம்மாள் மறுபேச்சுப் பேசாமல், சாக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த தன் மகள் அழகிக்கு ஆள் அனுப்பினாள், உன் தம்பி போய்விட்டான் என்று.

அந்தக் குடும்பம் அப்போது இருந்த இருப்பையும் சொல்லிவிட வேண்டும். காணி நிலம் கிடையாது. பெத்தனுக்கு வாரத்தில் இரண்டு நாள் கூலி கிடைத்தால் அது நல்ல வாரம். அவனுக்கும் காளியாயிக்கும் இருந்த ஒரே பெண்ணுக்கு ஆறு வயது, காலெல்லாம் சிரங்கு. கஞ்சி காய்ச்சினால் முதல் ஆளாக, "எனக்குப் பசியில்ல, புள்ளைக்கு ஊத்து" என்பாள் சோணையம்மாள். தினமும் ஒருத்திக்குப் பசியெடுக்காமல் இருக்குமா? அது பொய் என்று காளியாயிக்குத் தெரியும். தெரிந்தேதான் பிள்ளைக்கு ஊற்றுவாள்.

ஆதரவில்லாத முதியோருக்குச் சர்க்கார் மாதம் இருபது ரூபாய் கொடுக்கிறது என்று தலையாரி உடையப்பன்தான் வந்து சொன்னார். சோணையம்மாள் கைநாட்டு வைத்து மனுவும் கொடுத்திருந்தாள். ஆனால் வளர்ந்த ஆண்பிள்ளை இருக்கிறவளுக்குக் கிடைப்பது சந்தேகம் என்றும் அவரே சொல்லியிருந்தார். மனு கொடுத்ததை அவர்களே ஏறக்குறைய மறந்துபோயிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அழகி தலைவிரிகோலமாக வந்து சேர்ந்தாள். தெருவில் விழுந்து அழுதாள். வழக்கப்படி பெத்தன் வீட்டுக்குள், நெல் இல்லாத குலுக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான். தெருவே கூடி, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கி நின்றது. அழுகை உச்சிக்குப் போன நேரத்தில், மனுவை விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். பின்னாலேயே தலையாரி.

சட்டை போட்ட ஆளைக் கண்டதும் அழகிக்கு அழுகை பாதியில் நின்றுவிட்டது. யார் செத்தது என்று அவர் கேட்டார். என் தம்பி என்று அவள் வாய் தானாகச் சொன்னது. பிணத்தை எடுத்தாயிற்றா என்று தலையாரியைக் கேட்டார். உடையப்பன் ஆகாயத்தைப் பார்த்து, "ஆச்சுங்க" என்றார். வேறு என்ன சொல்வது என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் சோணையம்மாளிடம் குனிந்து, "வேற ஆம்பளப் புள்ளைக இருக்காம்மா?" என்று கேட்டார். நல்ல மனுஷர். குரலில் அதட்டல் இல்லை.

கிழவி உண்மையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கப் போகிறாள் என்றுதான் தெரு காத்திருந்தது. அவள் இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்தாள். பேத்தியின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தாள். பிறகு அடிமரம் சாய்ந்ததுபோல் தெருவில் சாய்ந்தாள். "எனக்குக் கொள்ளி வைக்கப் பொறந்த ராசா, ஒனக்கு நான் கொள்ளி பாத்தேனே" என்று அவள் எடுத்த ஒப்பாரியில் அழகியே நடுங்கிப்போனாள். அழுத வாக்கிலேயே எழுந்து வந்து, வாசற்படியில் நின்ற காளியாயியைக் கட்டிக்கொண்டாள். காளியாயியின் முந்தானையை ஒரு கை இழுத்து, தாலியை மூடி, கழுத்தைச் சுற்றிவிட்டது. அது மாமியாரின் கை. அந்த முகத்தில் ஓடிய கண்ணீர் மெய்யான கண்ணீர். அன்றைக்குக் காளியாயியை மிகவும் பயமுறுத்தியது அதுதான்.

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் அழகி எழுந்தாள். "பெத்தா" என்று கூப்பிட்டு, அவன் "என்னக்கா" என்று வெளியே வர, ஒரு உருண்டைச் சோற்றை அவன் வாயில் திணித்துத் தன் அழுகையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அப்புறம் தாயைப் பார்த்து, "நீயும் வாங்கு ஆத்தா" என்றாள்.

சோணையம்மாள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவள் சொன்ன காரணத்தை ஊரில் ஒருவராலும் மறுத்துப் பேச முடியவில்லை. அவள் கணக்கே வேறு. "அந்தய்யா என் அழுகைக்குத்தான் காசு எழுதிக்கிட்டுப் போறாரு. அழுகைய நான் திருப்பி வாங்கிக்கிட்டா அது திருட்டுக் காசாப் போயிரும். ஐயனாரு கேக்க மாட்டாரா? கொஞ்ச நாளைக்குக் கெடக்கட்டும். பசி தீரவும் வாங்கிக்கிறேன்."

அழகிக்குக் கோபம் வந்துவிட்டது. "கூடப் பொறந்தவ அழுகை வேற, பெத்தவ அழுகை வேற. வெளையாடாத" என்று சொல்லிவிட்டு, கை நனைக்காமல் சாக்கோட்டைக்குப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் தபால்காரர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, "இங்க சோணையம்மாள் யாரு?" என்று கேட்டார்.  பிறந்த வீட்டில் கிழவி இன்னார் மகள், வந்த வீட்டில் இன்னார் பெண்டாட்டி, அதற்குப் பிறகு பெத்தன் ஆத்தா. தெருவில் நின்று அவள் பேரை மரியாதையாகக் கேட்ட முதல் ஆள் இந்தத் தபால்காரர்தான். "நாந்தாங்க" என்றபோது அவள் குரல் புதுப்பெண்ணின் குரல்போல் இருந்தது. கட்டைவிரலில் மையைத் தடவி உருட்டிவிட்டு, இரண்டு பத்து ரூபாய் நோட்டை அவள் கையில் வைத்தார்.

அந்தப் பணம் செய்த நன்மையைக் குறைத்துச் சொன்னால் வாய் வெந்துபோகும். அரிசி படிக்கணக்கில் வந்தது. பிள்ளையின் காலுக்கு மருந்து வந்தது, தலைக்கு எண்ணெய் வந்தது, சிரங்கு காய்ந்து உதிர்ந்தது. அவள் பள்ளிக்கூடம் போனாள். இரண்டாவது கோடையில் கூரைக்குப் புது ஓலை போட்டார்கள், ஒரு வெள்ளாடு வாங்கினார்கள். கடனுக்குப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற கடைக்காரர், "வாங்க" என்றார். எல்லாவற்றையும்விட, "எனக்குப் பசியில்ல" என்கிற பொய் அந்த வீட்டில் நின்றுபோனது. சோணையம்மாள் வட்டிலை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் வை" என்று கேட்ட நாளில் காளியாயி அடுப்படியில் திரும்பி நின்று அழுதாள்.

பணம் என்றால் பிணமும் வாயைத் திறக்கும் என்பார்கள். இந்த வீட்டில் உயிரோடிருந்தவன் வாயை மூடிக்கொண்டான்.

வேறு வழியில்லை. பெத்தன் வெளியாள் யார் கண்ணிலும் படக் கூடாது என்று தலையாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஆச்சுங்க" என்று சொன்னவர் அவரல்லவா, அவருக்கும் வேலை போய்விடும். காரைக்குடி தாண்டி மானகிரிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில், பெரியகருப்பன் என்று பேர் சொல்லி வேலைக்குச் சேர்ந்தான். விடியுமுன் போய் விளக்கு வைத்த பிறகு வருவான். பல நாள் சூளையிலேயே தங்கிவிடுவான்.

ஏதோ சரியில்லை என்பதை முதலில் நாய்தான் காட்டிக்கொடுத்தது. பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளின் செவலை நாய்க்குப் பெத்தன் என்றால் உயிர். ஒருநாள் அவன் வாசலில் நுழையும்போது அது குரைக்கவும் இல்லை, வாலாட்டவும் இல்லை. அவன் விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டான். அது அவன் நின்ற இடத்தை ஊடுருவிப் பின்னாலிருந்த வேலியைப் பார்த்துவிட்டு, மறுபடியும் தலையைக் காலுக்குள் புதைத்துக்கொண்டது. வயசாகிவிட்டது அதற்கு, கண் தெரியவில்லை என்றான் பெத்தன். அந்த நாய் அன்று காலையில்தான் ஓணானை விரட்டிப் பிடித்ததைக் காளியாயி பார்த்திருந்தாள்.

அடுத்து காக்கை. அவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற பகல் எதுவானாலும் ஒற்றைக் காக்கை ஒன்று கூரை முகட்டில் வந்து உட்காரும். கரையாது. அவன் முதல் கவளத்தை எடுக்கும்வரை காத்திருந்து, கீழே இறங்கி, அவன் வட்டிலின் ஓரத்தில் ஒரு வாய் கொத்திக்கொண்டு போகும். அமாவாசைச் சோற்றை எடுப்பதுபோல உரிமையோடு எடுக்கும். காளியாயி விளக்குமாற்றால் விரட்டிப் பார்த்தாள். அது நகர்ந்து உட்கார்ந்து அவளையே பார்த்தது. பெத்தன், "விடு, அதுக்குள்ளத அது எடுக்குது" என்றான்.

ஐயனார் கோவில் புரவி எடுப்பு வந்தது. தன் ஊர்த் திருவிழாவுக்குக்கூட வராமல் இருக்க முடியாது என்று அவன் சூளைக்குப் போகாமல் நின்றுவிட்டான். வெளியாள் யாரும் இல்லை, எல்லாம் ஊர்ச்சனம். பூசாரி திருநீற்றுத் தட்டோடு வரிசையாக வந்தார். பெத்தனுக்கு இந்தப் பக்கம் நின்றவனுக்குப் போட்டார், அந்தப் பக்கம் நின்றவனுக்குப் போட்டார். நடுவில் நீட்டியிருந்த கையைக் கடந்து போய்விட்டார். மறதியாக இருக்கும் என்று அவன் சிரித்துக்கொண்டே வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடியும் கையை நீட்டினான். பூசாரி அங்கே வந்ததும் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, வரிசை முடிந்ததென்று திரும்பிவிட்டார். பிற்பாடு காளியாயி போய்க் கேட்டதற்கு, "அவன் வந்திருந்தானா?" என்று உண்மையாகவே கேட்டார்.

பெத்தன் அதற்குப் பிறகு கோவிலுக்குப் போகவில்லை. பேச்சும் குறைந்தது. பேசினால், இவன் பேசாமலே இருந்திருக்கலாம் என்று காளியாயிக்குத் தோன்றும். ஒரு மாலையில் கொல்லையில் உட்கார்ந்து வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தபடி, "நான் இருந்தப்ப இந்த மரம் இம்புட்டு ஒசரம் இல்ல" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று அவள் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. அவன் சொன்னதே அவனுக்குத் தெரியவில்லை.

அவள் மாமியாரிடம் போய்க் கெஞ்சினாள். அத்தை, போதும், வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். கூரை போட்டுவிடுவோம் என்றாள் சோணையம்மாள். கூரை போட்டாயிற்று. பேத்திக்குக் காது குத்திவிடுவோம் என்றாள். காதும் குத்தியாயிற்று. அப்புறம் ஆடு. கிழவியைப் பேராசைக்காரி என்று சொல்லிவிடுவது சுலபம். காளியாயியால் அப்படிச் சொல்ல முடியவில்லை, அவளும் அந்தச் சோற்றைத்தான் தின்றாள். கெஞ்சிவிட்டுப் போய் உலை வைப்பாள். உலையில் போடுகிற அரிசி அந்த அரிசிதான். மாதம் ஒருமுறை தபால்காரர் மணியடித்தால் அவளே ஓடிப்போய்க் குங்குமத்தை அழித்து, தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொள்வாள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்த நிலையில் காளியாயி முழுகாமல் ஆனாள்.

வயிறு வெளியே தெரிய ஆரம்பித்தபோது கருப்பம்மாள் வேலியோரம் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, ரொம்ப அக்கறையாக, "ஏ காளியாயி, புள்ள யாருதுடி?" என்று கேட்டாள்.

 கேட்டவள் வெளியூர்க்காரி இல்லை. அழகி அழுதபோது சிரிப்பை அடக்கி நின்றவள், இத்தனை வருஷமும் பெத்தனை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருப்பவள். கேட்ட பிறகுதான் கருப்பம்மாளுக்குத் தான் கேட்டது உறைத்தது. வாயில் அடித்துக்கொண்டாள். "அடியாத்தீ, நெசமா மறந்தே போச்சுடி" என்றாள்.  முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து காளியாயிக்குத் தூக்கம் போனது. வயிற்றில் பிள்ளை அசைவு குறைவாக இருந்தது. மருத்துவச்சி ஒச்சம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒச்சம்மாள் அந்த ஊரில் பாதிப்பேரைப் பிடித்து இறக்கியவள், பேச்சில் தயவுதாட்சண்யம் கிடையாது. வயிற்றில் கை வைத்து நெடுநேரம் இருந்தாள். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது, தலையும் திரும்பியிருக்கிறது என்றாள். பிறகு கையை எடுக்காமலே சொன்னாள்:

"ஆனா காது கேக்காத மாதிரி கெடக்கு. அப்பன் உசுரு அந்தரத்துல நிக்கிறப்ப, புள்ள எங்குட்டு எறங்கும்? வந்தாலும் சத்தம் குடுக்காது. ஒம் மாமியாகிட்டச் சொல்லு."

காளியாயி சொன்னாள். காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.  அன்று சாயங்காலம் சோணையம்மாள் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றாள். மகன் பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு உள்ளே வந்து சுவரோரம் சுருண்டு படுத்துக்கொண்டு, "வர மாட்டேங்குது புள்ள. அவன் பேரு எனக்கு வாயில வர மாட்டேங்குது" என்றாள். காசுக்காக ஒத்திப்போட்டவள், இப்போது வாங்க நினைத்தும் முடியாமல் கிடந்தாள். காளியாயிக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் பயமாக மாறியது. இனி யாரிடம் போய்க் கெஞ்சுவது?

பங்குனி வெயிலில், உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் வலி எடுத்தது. பெத்தன் சூளைக்குப் போயிருந்தான். அதிக நேரம் எடுக்காமல் பிள்ளை பிறந்துவிட்டது. ஆண்பிள்ளை. உறுப்பெல்லாம் திருத்தமாக, கண் மூடி, கருநீலமாக, சத்தமில்லாமல் ஒச்சம்மாளின் கையில் கிடந்தது. அவள் காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினாள். வாயில் விரல்விட்டு வழித்தாள். காதில் ஊதினாள். வெண்கலத் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்தாள். காளியாயி பாயில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அழு, அழு என்று அவள் உதடு மட்டும் அசைந்தது.

வெளியே சைக்கிள் மணி அடித்தது. "சோணையம்மா!" என்று தபால்காரர் கூப்பிட்டார்.

இத்தனை நேரம் மூலையில் நின்ற சோணையம்மாள், கூப்பிட்ட பேருக்குத் தானாக நகர்ந்தாள். வாசலுக்குப் போனாள். தபால்காரர் விரலைக் காட்டச் சொல்வதும், மைப்பெட்டி திறக்கும் சத்தமும் தட்டிக்கு இந்தப் பக்கம் காளியாயிக்குக் கேட்டன. ஒச்சம்மாளுக்கு அடக்க முடியவில்லை. பிள்ளையைக் கையில் பிடித்தபடியே வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏ சோணை, காசு வாங்குனது போதும். அழுகைய வாங்குடி!"

வெளியே எல்லாச் சத்தமும் நின்றது.  பிறகு, துருப்பிடித்த கதவைத் தள்ளுகிறாற்போல் ஒரு குரல் புறப்பட்டது.

"ஏலே... பெத்தா."

பதில் இல்லை. மாமியார் படியிறங்கித் தெருவுக்கு, மூன்று வருஷத்துக்கு முன்னால் விழுந்து புரண்ட அதே இடத்துக்குப் போவது கேட்டது. இந்தத் தடவை அவள் போட்ட சத்தம் ஊரெல்லையைத் தாண்டியிருக்கும்.

"பெத்தா! எஞ்சாமி! எம்மவன் சாகலடா. நான் பொய்யா அழுதேன். ஆத்தா கூப்புடுறேன், வாடா!"

தெருக்கோடியிலிருந்து பதில் வந்தது.

"என்னாத்தா... இந்தா வாரேன்."

அவன் குரல்தான். தெளிவாக, பழைய கணீரென்ற குரலாக, காளியாயி கல்யாணமாகி வந்த புதிதில் கேட்ட குரலாக இருந்தது. அதைக் கேட்டதும் ஒச்சம்மாளின் கையில் கிடந்த பிள்ளை உடம்பை முறுக்கி, முகத்தைச் சுளித்து, வீறிட்டு அழுதது. காளியாயியும் அழுதாள். சூளையிலிருந்து இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தான் என்று யோசிக்கக்கூட அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

சோணையம்மாள் உள்ளே வந்தாள். கையில் பணம் இல்லை. மை பூசிய கட்டைவிரலோடு பேரனின் நெற்றியைத் தொட்டாள். அங்கே திருஷ்டிப் பொட்டு வைத்தாற்போல் ஒரு கறுப்பு விழுந்தது. அவர் எங்கே என்று காளியாயி கேட்டாள். மாமியார் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "பின்னாலதான வந்தான்" என்றாள்.

தெருவில் யாரும் இல்லை. கருப்பம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளும் பதிலைக் கேட்டிருந்தாள். தபால்காரரும் கேட்டுவிட்டுத்தான், தெருக்கோடிவரை சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெயிலைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை என்றார். 

பெத்தன் வந்தபோது வெளிச்சம் போகவில்லை. ஒளிந்து வராமல், ஊர் பார்க்க நடுத்தெருவில் ஓடி வந்தான். உடம்பெல்லாம் செம்மண். செவலை நாய் குரைத்துக்கொண்டு எதிரே ஓடி அவன் காலைச் சுற்றியது. வாசலில் நின்று மூச்சு வாங்கினான்.

"உச்சிப்பொழுது, கல்லு அடுக்கிக்கிட்டு இருக்கேன். ஆத்தா கூப்புட்டுச்சு. காதுக்குப் பக்கத்துல நின்னு கூப்புட்ட மாதிரி. என்னாத்தான்னு சத்தங் குடுத்தேன். இந்தா வாரேன்னேன். அம்புட்டுப் பேரும் வேலைய விட்டுட்டு என்னையவே பாத்தாக. பெரியகருப்பா, யாருகிட்டப் பேசுறன்னு கேட்டாக. எம்பேரு பெத்தன்னு சொல்லிட்டு ஓடியாந்தேன்."

 சோணையம்மாள் அவனைத் தெருவிலேயே உட்காரவைத்து, சோற்றைப் பிசைந்து, ஒரு கவளம் அவன் வாயில் வைத்தாள். காளியாயி பிள்ளையோடு வாசற்படிக்கு வந்து முகட்டை நிமிர்ந்து பார்த்தாள். காக்கை இல்லை. அவள் தாலியை எடுத்து வெளியே விட்டுக்கொண்டாள்.

தபால்காரர் கேட்டதைக் கேளாததாக விடக்கூடிய ஆள் இல்லை. அடுத்த மாதம் அதே இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலில் பெத்தனே நாற்காலி கொண்டுவந்து போட்டான். அவர் உட்காரவில்லை. செத்துப்போனான் என்று தெருவில் புரண்டு அழுதீர்களே அம்மா, இவன் யார் என்று கேட்டார். கோபத்தைவிட மனவருத்தம்தான் அதிகமாக இருந்தது.

சோணையம்மாள் கும்பிட்டாள். "எம்மவந்தானுங்க. செத்துட்டான்னு நீக குடுத்த காசுலதான் இம்புட்டு நாளும் நாங்க சாகாம இருந்தோம். உசுரோட இருக்கான்னு சொல்லியிருந்தா ஒருத்தரும் இருந்திருக்க மாட்டோம்."

அவர் பேத்தியின் காலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். என்ன எழுதினாரோ தெரியாது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவில்லை. தலையாரிக்குத் தண்டனை என்று ஒன்றும் வரவில்லை. பணம் நின்றுவிட்டது. ஆட்டை விற்றார்கள். பெத்தன் சொந்தப் பேரிலேயே சூளைக்குப் போனான். அந்த வீட்டில் மறுபடியும் சில நாட்கள் கிழவிக்குப் பசியில்லாமல் போனது.

தபால்காரர் தெருவில் போகும்போது சோணையம்மாள் வாசலுக்கு வந்து நிற்பாள். அவர் மணியடிக்காமல் போய்விடுவார். அவளை இப்போது பேர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. அவள்தான் கூப்பிடுகிறாள். வேலை ஒன்றும் இல்லாமலே, நினைத்து நினைத்து, "பெத்தா" என்பாள். "என்னாத்தா" என்பான் அவன். "ஒண்ணுமில்லடா, சும்மாத்தான்" என்பாள்.

அவன் வீட்டில் இருந்தால் சரி. சில நாள், அவன் சூளையிலிருந்து திரும்புவதற்கு வெகுநேரம் முன்பே கிழவி கூப்பிட்டுவிடுவாள். அப்போதும் தெருக்கோடியிலிருந்து பதில் வரும். மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. காளியாயி பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, பதில் கொடுத்தவனுக்கும் சேர்த்து உலையில் அரிசி போடுவாள்.